கிணத்தடி வரைக்கும் வேலி

இல்ல ராத்தா, கதிரையெல்லாம் வேணாம், இந்தப் பெஞ்சே போதும். திரைய மட்டும் கீழ ஏதாவது வச்சு அமத்திக்கங்க, காத்துக்கு ஒதுங்குது. உங்க மைனி ஹமீமாவும் உள்ளதானே இருக்காங்க? ஆ, இருமுறாங்க, கேக்குது. அவங்க அங்கயே இருக்கட்டும். புருஷன் மௌத்தாகி இத்தாவுல இருக்கிற பொம்பளைட வாசல்ல ஒரு வாலிபன் தனியாக் குந்திக்கிட்டுப் பேசினான்னு ஊர்ல கதை வேணாம்.

போன தடவ மாதிரியே வச்சுக்குவோம். ஆமான்னா பலகையில ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு. வேற ஏதாவது கேக்கணும்னா மைனிட காதுல சொல்லுங்க, அவங்க எனக்குச் சொல்லட்டும். உங்க குரல் என் காதுல விழ வேணாம்.

என்ன மைனி? திங்கக்கிழமை கார் எத்தன மணிக்கு வரும்னு கேக்குறாங்களா? சொல்றேன், கார் விசயத்துக்கு வர்றேன். மொதல்ல கொஞ்சம் தண்ணி தாங்க. தேத்தண்ணி ஊத்த வேணாம், பச்சத் தண்ணி போதும். பல்லேபொல சந்தியில பஸ்ஸ விட்டு இறங்கி இவ்வளவு தூரம் வெயில்ல நடந்து வந்தேன். காலையில கோர்ட்டுக்குப் போட்ட உடுப்ப இன்னும் மாத்தல பாருங்க. ஆ, பாக்க முடியாதுதானே. சும்மா வாய்ல வந்துருச்சு.

புஹாரி நானா கலேவெல சந்தைக்குப் போயிட்டாருன்னு கடைச் சந்தியில சொன்னாங்க. அதுவும் நல்லதுதான். இருந்திருந்தா உங்க நானா என்னைப் படி ஏற விட்டிருக்க மாட்டாரு. மொத தடவ நான் வந்தப்ப என்ன கேட்டாரு, ஞாபகமா? அளுத்கடையில லோ கொலேஜ்ல படிக்கிறவனுக்கு இத்தான்னா என்னன்னு தெரியாதான்னு. தெரியும் ராத்தா. நாலு மாசம் பத்து நாள், அந்நிய ஆம்புள கண்ணுல படாம வீட்டுக்குள்ள இருக்கணும். முஸ்லிம் சட்டம்னு எங்களுக்கு ஒரு பாடமே இருக்கு. சோதனையில அந்தக் கேள்விதான் வந்துச்சு, நல்லா எழுதி நல்ல புள்ளி எடுத்தேன். அத எழுதுறப்ப ஒரு திரையும் மனசுல வரல, ஒரு பொம்பளையும் வரல.

என்னைப் பத்தி நான் ஒழுங்காச் சொல்லவும் இல்ல. எங்க வாப்பா மீராசாஹிப், மாத்தளை கொங்காவெலயில தையக்கடை வச்சிருக்காரு. லீவுக்கு வந்தவன வீட்டுல சும்மா படுத்துக் கெடக்க விடாம, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி புரொக்டர் இராசமாணிக்கத்துக்கிட்ட விட்டாரு. இவன் வக்கீல் வேலை பழகணும், என்ன வேலை வேணும்னாலும் குடுங்கன்னு சொன்னாரு. புரொக்டர் கண்ணாடிக்கு மேலால என்னைப் பாத்தாரு. பையத் தூக்கச் சொன்னாரு. அதுதான் என் வேலை. பை தூக்குறது, கோர்ட்டு வராந்தாவுல சாட்சிக்காரங்கள தேத்தண்ணிக் கடைக்குப் போக விடாமப் புடிச்சு வைக்கிறது, அவரு சொல்றத எழுதுறது. குத்தம் சாட்டப்பட்டவங்க பக்கம் நிக்கிறவரு அவரு. பொலிசுக்காரங்களுக்கு அவரக் கண்டாப் புடிக்காது. கையில காசு இல்லாதவன்ட கேஸத்தான் அதிகமா எடுப்பாரு. அப்படி வந்ததுதான் உங்க தோட்டத்து ஐயாவுட கேஸும்.

உங்களுக்குத் தெரியாத கதையா நான் சொல்லப் போறேன். ஆனாலும் இன்னைக்குக் கோர்ட்டுல என்ன நடந்துச்சுன்னு மொதல்லருந்து சொல்லணும். அப்பதான் எனக்கு வரிசையா வரும். நடுவுல இருந்து சொன்னா எனக்கே விளங்காது.

காலையில மொத ஆளா இன்ஸ்பெக்டர் கூண்டுல ஏறினாரு. செத்தவரு மஹ்ரூப், மிளகுத் தோட்டக்காரர், பள்ளிவாசல் டிரஸ்டி. தோட்டத்துக்குப் பின்னால மரவள்ளிப் பாத்தியில வெடி பட்டுக் கெடந்தாரு. துவக்கு கெடைக்கல. அவருட தோட்டத்துல வேலை செய்ற ஐயாவுட சாரத்துல ரத்தம். முந்தின கெழமை அந்த ஐயாவு மாத்தளைத் தேருக்கு லீவு கேட்டு, மொதலாளி இல்லன்னு சொல்லி, தேத்தண்ணிக் கடை வாசல்ல ரெண்டு பேருக்கும் வாய்ப்பேச்சு. பாத்தவங்க இருக்காங்க. அவ்வளவுதான் பொலிஸ் கதை. சொல்லி முடிக்க ஒரு வெத்தல போடுற நேரம் கூட ஆகல. கேட்டுக்கிட்டு இருந்தவங்கள்ல பாதிப் பேரு சரின்னு தலையாட்டினாங்க.

பெறகு எங்க புரொக்டர் எழும்பினாரு. ரத்தம் தூக்கினதால பட்டிருக்கலாம்தானே? இன்ஸ்பெக்டர், பட்டிருக்கலாம். காட்டுப்பன்னிக்குக் கட்டுத்துவக்கு கட்டியிருந்துச்சு, கயித்துல மொதலாளிட காலு பட்டு வெடிச்சுருச்சுன்னு ஐயாவு மொத நாளே சொன்னான்தானே? சொன்னான், தேடினோம், துவக்கும் இல்ல கயிறும் இல்ல, அந்த வீட்டுல துவக்கே கெடையாதுன்னு மச்சான் புஹாரி சொன்னாரு. சரி, செத்தவர்ட பொஞ்சாதிக்கிட்ட வாக்குமூலம் எடுத்தீங்களா? இல்ல. ஏன்? அவங்க இத்தாவுல இருந்தாங்க, நாங்க அவங்க மார்க்கத்துக்கு மரியாத குடுத்தோம். அப்படியே சொன்னாரு ராத்தா. நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் சொன்னாரு. பொய்யும் இல்ல.

அந்தத் துவக்கு எங்க போச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன தடவ நான் இதே பெஞ்சுல இருந்து கேட்டேனே. மஹ்ரூப் நானா முந்தின நாள் பின்னேரம் துவக்கக் கையில எடுத்துக்கிட்டு மரவள்ளிப் பாத்திக்குப் போனாரா? ஒரு தட்டு. காலையில அத அவுக்கப் போனப்பதான் வெடிச்சுதா? ஒரு தட்டு. ஐயாவு ஓடி வந்து அவரத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தப்ப, பின்னால நின்ன புஹாரி நானா துவக்கயும் கயித்தயும் சாக்குல சுத்திக் குசினிப் பக்கத்தால கொண்டு போனத நீங்க பாத்தீங்களா? அதுக்கு ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கல. நான் எழும்பிப் போயிறலாம்னு கூட நெனச்சேன். பெறகு ஒரு தட்டு. மெதுவா, நகத்தால தட்டின மாதிரி.

உங்க நானாவ நான் கெட்டவர்னு சொல்ல வரல. ஐயாவுவ மாட்டி விடணும்னு அவரு நெனக்கல, அத நான் நம்புறேன். நாம தொடாத மிருகத்துக்குக் கட்டின துவக்குல பள்ளிவாசல் டிரஸ்டி மௌத்தானாருன்னு ஊரு வாய்ல போட்டு மெல்லுமேன்னு பயந்துட்டாரு. மச்சான்ட மானத்த மறைக்கிறேன்னு துவக்க மறைச்சாரு. பெறகு பொலிஸ் வந்து நின்னப்ப, துவக்கு இருந்துச்சுன்னு சொன்னா ஒளிச்சது நான்தான்னும் சொல்லணும். வாய அடைச்சுக்கிட்டாரு. இப்ப அடைச்ச வாயத் தொறக்கத் தெரியல. நம்ம ஆக்கள்ல யாரா இருந்தாலும் அன்னைக்கு அதத்தான் செஞ்சிருப்பாங்க. எங்க வாப்பாவும் செஞ்சிருப்பாரு.

அன்னைக்குத் திரும்பிப் போறப்ப பஸ்ல எனக்குச் சிரிப்பு சிரிப்பா வந்துச்சு. பக்கத்துல இருந்த மனுசன் தள்ளி உக்காந்தாரு. பை தூக்கப் போனவன், ஒரு மனுசன்ட கழுத்துல இருந்து கயித்தக் கழட்டுற சாட்சியக் கையில புடிச்சுக்கிட்டு வர்றேன். புரொக்டர் என்னை மொத தடவையா உக்காருன்னு சொன்னாரு. அவரு முன்னால நான் உக்காந்தது அன்னைக்குத்தான்.

தட்டுறீங்க. கேக்குது ராத்தா. கார்தானே, வர்றேன்.

நீங்க சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வாறேன்னு மைனிட்ட சொல்லி அனுப்பினது சின்ன விசயம் இல்லன்னு எனக்குத் தெரியும். ஒரு பக்கம் இத்தா. ஒரு பக்கம் கூடப் பொறந்தவரு. நீங்க கூண்டுல ஏறிச் சொன்னா, அவரு துவக்க மறைச்சதும் வெளிய வரும், அவரயும் மறியல்ல கொண்டு போயி அடைக்கலாம். தெரிஞ்சுதான் வாறேன்னு சொன்னீங்க. அதுக்காகத்தான் நானும் நாயா அலைஞ்சேன். பள்ளிவாசல் லெப்பைக்கிட்டப் போயி, ஒரு உசிரக் காப்பாத்துறதுக்கு இத்தாவுல இருக்கிறவங்க பகல்ல போயிட்டுப் பகல்லயே வரலாமான்னு கேட்டு, வரலாம்னு சொல்ல வச்சேன். புரொக்டர் மஜிஸ்ட்ரேட்டோட தனியாப் பேசினாரு. சாட்சிக் கூண்டச் சுத்தி வெள்ளைத் துணி கட்டலாம், வேடிக்கை பாக்குறவங்கள வெளிய அனுப்பலாம்னு ஏற்பாடு. திங்கக்கிழமை உங்களக் கூட்டிட்டுப் போற கார் கண்ணாடிக்குத் திரை தைக்க வாப்பாக்கிட்ட சொன்னேன். நேத்துத் தச்சு முடிச்சாரு. நீலத் துணி. கடையில மடிச்சு வச்சிருக்கு.

இல்ல மைனி, அவங்க கேக்குறது எனக்குக் கேக்கல. என்ன? ஐயாவு எப்படி இருக்காருன்னா?

இருக்காரு. மெலிஞ்சுட்டாரு. கண்டி மறியல்ல போயி நான் அடிக்கடி பாத்தேன். புரொக்டருக்கு நேரமில்லாதப்ப என்னைத்தான் அனுப்புவாரு. போனதும் என்ன கேப்பாருன்னு நெனைக்கிறீங்க? கேஸ் என்னாச்சுன்னு கேக்க மாட்டாரு. பொஞ்சாதி அழகாயி வந்துச்சான்னு கேக்க மாட்டாரு. மொதல்ல வேலிதான். அந்தக் கிணத்தடி வேலிய யாராச்சும் முடிச்சாங்களா தொரைன்னு கேப்பாரு. எனக்குத் தொரைன்னு பேரு, பாருங்க. தையக்காரன் மகன்.

இப்ப உங்க வளவுக்குள்ள வர்றப்ப அந்த வேலியப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். கிணத்தச் சுத்தி நல்லா கட்டியிருக்கு. ஓலைக்கு மேல ஓலை, ஒரு குருவி உள்ள எட்டிப் பாக்க முடியாது. அங்கருந்து பாதி தூரம் வருது. பெறகு வெறும் கம்புங்கதான் நிக்குது. குசினி வாசலுக்கும் அந்த வேலிக்கும் நடுவுல சும்மா வெட்டவெளி. ஓலைக்கட்டு அப்படியே காஞ்சு கெடக்கு.

அவருதான் சொன்னாரு, ஜனாஸா எடுத்த மறுநாள் லெப்பை கூப்பிட்டு, அம்மா, உங்களத்தான் சொல்றாரு, இனி வெளிய ஆம்புள கண்ணுல படப்படாது, கிணத்தடிக்குப் போக வர ஒரு மறைப்புக் கட்டு, மறைப்பு இல்லாமப் போச்சுன்னா மௌத்தானவருக்கு அங்க நிம்மதி இருக்காதுன்னு சொன்னாராம். லெப்பை அப்படித்தான் சொன்னாரா, இவரு அப்படி விளங்கிக்கிட்டாரான்னு எனக்குத் தெரியாது. கட்டுறவனும் ஆம்புளதானே, அம்மா என் கண்ணுலயும் படப்படாதேன்னு இவருக்கு யோசனை. அதனால வீட்டுப் பக்கத்துல இருந்து தொடங்காம கிணத்துப் பக்கத்துல தொடங்கி, வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டே பின்னால பின்னால நகந்து கட்டிக்கிட்டு வந்திருக்காரு. முதுகு காட்டிக்கிட்டு நின்னதால பொலிஸ் வந்ததும் தெரியல. தோள்ல கை விழுந்தப்பதான் திரும்பினாராம். கையில இருந்த ஓலையக் கீழ வைக்கிறதா கூடவே கொண்டு போறதான்னு தெரியாம நின்னேன் தொரைன்னு சொன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாரு.

ஒவ்வொரு தடவையும் வேலி முடிஞ்சுருச்சுன்னு நான் பொய் சொன்னேன். பாவம், அந்த ஒரு யோசனையாவது இல்லாம இருக்கட்டும்னு.

உங்களப் பத்தியும் சொல்லுவாரு. மத்த தோட்டத்துல எல்லாம் எங்களுக்குச் செரட்டையிலதான் தேத்தண்ணி, அந்த வீட்டுல மட்டும் கோப்பையில வரும்னாரு. அதுவும் காது ஒடைஞ்ச கோப்பை இல்லையாம். உங்களுக்கு அது ஞாபகமே இருக்காது. குடுத்தவங்களுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும்.

ரெண்டு தட்டு? என்ன இல்ல? ஆ, கோப்பையில குடுத்தது பெரிய விசயம் இல்லன்னு சொல்றீங்களா. அது எனக்குத் தெரியாது ராத்தா. அவரு சொன்னத நான் சொல்றேன்.

நான் அவருக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் குடுத்தேன். அதுதான் இந்த லீவுல நான் பழகின தொழில். பொலிஸ் பக்கத்துச் சாட்சி எல்லாம் முடிஞ்ச பெறகு மஜிஸ்ட்ரேட் எதிரியப் பாத்து, நீ ஏதாவது சொல்றியான்னு கேப்பாரு. எதிரின்னா, குத்தம் சாட்டப்பட்டவனக் கோர்ட்டுல அப்படித்தான் சொல்றது. அந்த நேரம் அவன் சொல்றது எதுவோ அது எழுத்துல ஏறிரும். பெறகு யாராலயும் அழிக்க ஏலாது. அதனால அதிகம் பேசக் கூடாது. நான் குத்தம் செய்யல, எனக்குச் சாட்சி இருக்கு. அவ்வளவுதான். இந்த ரெண்டே பேச்சு. மறியல்ல கம்பிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். திருப்பித் திருப்பிச் சொல்ல வச்சேன். நான் குத்தம் செய்யல, எனக்குச் சாட்சி இருக்கு. ஓதுற பள்ளிக்கூடத்துல லெப்பை எங்களுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரிதான். நல்லா பாடமாக்கிட்டாரு. காவலுக்கு நின்ன ஆளுக்கே பாடமாயிருச்சு.

அப்பல்லாம் யாரு சாட்சின்னு அவருக்கிட்ட சொல்லல. சொல்லாதேன்னு புரொக்டர் சொல்லியிருந்தாரு. எல்லா ஏற்பாடும் முடிஞ்ச பெறகு, முந்தாநாத்துத்தான் சொன்னேன். சொல்லலாம்னு புரொக்டரும் சொல்லிட்டாரு. சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன். அம்மா வர்றாங்க, கார்ல திரை போட்டுக் கூட்டிட்டு வர்றோம்னேன். அவரு கம்பியப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கெடு முடிஞ்சுருச்சான்னு கேட்டாரு. இல்ல, இன்னும் இருக்கு, ஆனா லெப்பை போகலாம்னு சொல்லிட்டாருன்னேன். கூண்டுல நின்னா எல்லாரும் பாப்பாங்களேன்னாரு. துணி கட்டுறாங்கன்னேன். பெறகு கேட்டாரு, துணிக்குள்ள நின்னு அம்மா பேசணுமா?

பேசாம எப்படிச் சாட்சி சொல்றது. எனக்குத்தான் பலகையில தட்டினீங்க, மஜிஸ்ட்ரேட்டுக்குத் தட்டிக் காட்ட ஏலாதுதானே. பேசணும், சத்தமாவே பேசணும், மொழிபெயர்க்கிற முதலியார் சிங்களத்துல திருப்பிச் சொல்ல அவருக்குக் கேக்கணும், எழுதுறவருக்குக் கேக்கணும்னு சொன்னேன்.

அப்ப கொரலு கேக்குமே தொரைன்னாரு.

கேக்கட்டுமேன்னேன். அதுல என்ன? உங்க உசிரு பெரிசா, குரல் பெரிசான்னு கேட்டேன். நேரம் முடிஞ்சுருச்சுன்னு காவல்காரன் வந்துட்டான். நானும் பஸ்ஸப் புடிக்கணுமேன்னு ஓடி வந்துட்டேன்.

இன்னொரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.

இன்னைக்கு அழகாயி கோர்ட்டு வராந்தாவுல தூண்ல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. உள்ள எடமில்ல. என்னைக் கண்டதும் எழும்பி, தம்பி, திங்கக்கிழமை விட்டுருவாங்களான்னு கேட்டுச்சு. விட்டுருவாங்கன்னுதான் நெனைக்கிறேன், நீ பயப்படாதேன்னு சொல்லிட்டு உள்ள போனேன். அப்ப நான் சொன்னது பொய் இல்ல ராத்தா. அப்ப அது உண்மைதான்.

இன்ஸ்பெக்டர் முடிஞ்சு, டாக்டர் முடிஞ்சு, மஜிஸ்ட்ரேட் குத்தப் பத்திரத்த வாசிச்சாரு. முதலியார் தமிழ்ல சொன்னாரு. நீ ஏதாவது சொல்றியான்னு கேட்டாரு. நான் புரொக்டருக்குப் பின்னால பென்சில வச்சுக்கிட்டு நின்னேன். என் வாய் சும்மா அசையுது. சின்னப் புள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தவங்க மேடைக்குக் கீழ நின்னு வாய அசைப்பாங்கல்ல, அப்படி. நான் குத்தம் செய்யல, எனக்குச் சாட்சி இருக்கு.

ஐயாவு ரெண்டு கையயும் கூண்டு மேல வச்சாரு. மஜிஸ்ட்ரேட்டப் பாத்தாரு. தெளிவாத்தான் சொன்னாரு. நான்தான் சுட்டேன், எனக்குச் சாட்சி யாரும் இல்ல.

ஆமா.

அப்படித்தான் சொன்னாரு. நான் சொல்லிக் குடுத்த அதே ரெண்டு பேச்சு. ரெண்டயும் திருப்பிப் போட்டுட்டாரு. முதலியார் திரும்பக் கேட்டாரு, என்ன சொன்னேன்னு. அதயே திரும்பச் சொன்னாரு. புரொக்டர் எழும்பி ஏதோ சொன்னாரு, மஜிஸ்ட்ரேட் கைய ஒசத்தினாரு. எழுதினாங்க. வாசிச்சுக் காட்டினாங்க. ஐயாவு பெருவிரல மையில தோச்சு அழுத்தினாரு. கேஸ் கண்டிக்கு மேல்கோர்ட்டுக்குப் போகுதுன்னு மஜிஸ்ட்ரேட் சொன்னாரு. அடுத்த கேஸக் கூப்பிட்டாங்க. ஏதோ ஒரு மாட்டுக் கேஸ். மாட்டுக்காரங்க கூட்டமா உள்ள வந்தாங்க, நாங்க வெளிய வந்தோம்.

பின்பக்கத்து அறையில அவர அடைச்சிருந்தாங்க. கண்டிக்குக் கொண்டு போற வரைக்கும் கொஞ்ச நேரம் பேசலாம்னு காவலுக்கு நின்ன பொலிஸ் ராலஹாமி விட்டாரு. ஏன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கத் தெரியல. எனக்காக அம்மா வெளிய வரப்படாது தொரைன்னாரு. ஊரு ஆம்புளைங்க அத்தன பேரும் அம்மா கொரலக் கேட்டுட்டா, பெறகு நான் கட்டின வேலிக்கு என்ன அர்த்தம்னு கேட்டாரு. மொதலாளிய நான் தூக்கிட்டு வர்றப்ப அவரு உசிரோடதான் இருந்தாரு, வீட்டப் பாத்துக்கன்னு சொன்னாருன்னாரு. அத இதுக்கு முந்தி எங்க யாருக்கிட்டயும் சொல்லல.

தெரியாமச் சுட்டேன்னு சொன்னாக் கொஞ்ச வருசத்துல விட்டுருவாங்கன்னு மறியல்ல யாரோ சொல்லிக் குடுத்திருக்கான். தெரியாமன்னு சேத்துச் சொல்லணும்னுதான் நெனச்சிருந்தாராம். மஜிஸ்ட்ரேட் மொகத்தப் பாத்ததும் அது மட்டும் விட்டுப் போச்சாம். அது பரவாயில்லையா தொரைன்னு என்னைக் கேட்டாரு. நான் பரவாயில்லன்னு சொன்னேன். தன்னைத் தூக்கு மேடைக்குக் கொண்டு போற பேச்ச எழுத்துல ஏத்திட்டு, அது பரவாயில்லையான்னு கேக்குறாரு, நான் பரவாயில்லங்கிறேன்.

வெளிய வந்தா அழகாயி, என்ன சொன்னாரு, என்ன சொன்னாருன்னு என் கையப் புடிச்சுக்கிச்சு. புரொக்டர் அதத் தனியாக் கூட்டிட்டுப் போனாரு. என்னைப் பாத்து, வீட்டுக்குப் போயி சாப்புட்டுட்டுப் படுன்னாரு. இங்க வர வேணாம்னும் சொன்னாரு, கடதாசி ஒண்ணு போட்டுக்குவோம்னாரு. நான் வீட்டுக்குன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். கச்சான் கடலை வாங்கினேன். பல்லேபொல வர்ற வரைக்கும் கச்சானத் தின்னுக்கிட்டே வந்தேன் ராத்தா, கடைசிப் பருப்பு வரைக்கும். அழுகை வரும்னு பாத்தேன். வரல. கோபம் வரும்னு பாத்தேன், அதுவும் வரல. ஜன்னலால மரத்தப் பாத்தேன், கடையப் பாத்தேன். பல்லுக்கு மருந்து குத்தினாக் கன்னம் மரத்துப் போகுமே, உடம்பு முழுக்க அப்படி இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

அதனால மைனி, திங்கக்கிழமை கார் வராது. விசாரணைத் தவணையே இல்ல. சாட்சி யாரும் இல்லன்னு எழுத்துல ஏறிருச்சு. ராத்தா, நீங்க கோர்ட்டுக்கு வரத் தேவையில்ல. இதச் சொல்லத்தான் வந்தேன். படியேறினதும் சொல்லியிருக்கணும்.

கண்டியிலயா? கண்டிக்கு வந்து சொல்லலாமான்னு கேக்குறாங்களா? அதயும் புரொக்டர்ட்ட நான் கேட்டேன். அங்க விசாரணை வர்ற நேரம் உங்க இத்தாவும் முடிஞ்சிருக்கும், துணியும் தேவையில்ல, வேலியும் தேவையில்ல. ஆனா அங்க ஜூரிமாருக்கு மொதல்ல இந்த எழுத்தத்தான் வாசிப்பாங்க. எதிரியே நான்தான்னு சொன்ன பெறகு, துவக்கு எங்க வீட்டுல இருந்துச்சு, ஒளிச்சது எங்க நானான்னு நீங்க வந்து சொன்னா, யாரு நம்புவாங்க? புரொக்டர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. ரொம்ப நேரம் தொடச்சாரு.

நான் எழும்புறேன். கோப்பைய இங்கயே வைக்கிறேன். புஹாரி நானா வந்தா, நான் வந்தேன்னு சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

ஆ, ஐயாவு ஒண்ணு சொல்லி அனுப்பினாரு. வண்டியில ஏத்துறப்ப கூப்பிட்டுச் சொன்னாரு. வேலி முடியலன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு ராத்தா. என் மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டாராம். வேற யாரயாவது வச்சு மிச்சத்தக் கட்டிருங்கன்னு சொன்னாரு. ஓலை காஞ்சிருக்கும், தண்ணி தெளிச்சு ஒரு ராத்திரி வச்சாப் பதமாயிரும்னாரு. கட்டுறவன் வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டே கட்டணும்னாரு.

ராத்தா?

ராத்தா, வாயப் பொத்திக்கங்க. மைனி, அவங்களப் புடிங்க. பாதையில ஆளுங்க போறாங்க, நின்னு இங்க பாக்குறாங்க. உங்க குரல் வெளிய கேக்குது ராத்தா. அது கேக்கக் கூடாதுன்னுதான் அந்தாளு அப்படிச் சொன்னாரு.